வேலியடியில் கார்த்திகைப் பூ

ஊரெல்லாம் குரோட்டன் செடியும் செவ்வரத்தைப் பூமரமும் வைத்து அழகு பார்த்த காலத்தில், எங்கள் அண்ணை பனங்காணிப் பற்றையிலிருந்து ஒரு கார்த்திகைப் பூக் கிழங்கைக் கிண்டிக்கொண்டு வந்து கிணற்றடி வேலியோரம் நட்டார். நஞ்சுக் கிழங்கை வீட்டு வளவுக்குள் கொண்டுவந்ததற்கு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கார்த்திகையில் அது வேலியில் ஏறிச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தபோது, ஏசிய அம்மாவே போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

தைப்பொங்கல் கழிய, கொடி காய்ந்து இருந்த இடமே தெரியாமல் போனது. அண்ணையும் போனார். சண்டைக் காலம்; மானிப்பாய்க்கு ரியூசன் வகுப்புக்கென்று சைக்கிளில் வெளிக்கிட்டவர் திரும்பவில்லை. கொழும்பில் படிக்கிறார் என்று எனக்குச் சொன்னார்கள். ஏழு வயது, நம்பினேன். சைக்கிளில் கொழும்புக்குப் போக எத்தனை நாள் செல்லும் என்றுதான் யோசித்தேன்.

மாசியில் ஒரு காலை பெரியப்பா வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு பெடியனின் பிரேதம் கிடக்கிறதாம், அப்பா வந்து அடையாளம் பார்க்க வேண்டுமாம். அப்பா சேட்டை எடுத்து மாட்டிப் பொத்தானைப் பூட்டினார். அம்மா அப்பாவுடைய சைக்கிளைப் பிடித்த பிடி விடவேயில்லை. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார். அப்பா சேட்டைக் கழற்றிவிட்டு, அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு, பனங்கொட்டை புதைத்த பாத்தியைக் கிண்டப் போனார்.

பாத்தியைக் கிண்டினால் பனங்கிழங்கு முற்றிவிட்டதா என்று தெரிந்துவிடும். அண்ணையின் கிழங்கையும் அப்படியே பார்த்துவிடலாமே என்று நானும் ஒரு சிரட்டையோடு வேலியடியில் குந்தினேன். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"கிண்டாதை!"

"உயிரோடை இருக்கோ எண்டு பாக்கத்தானே அம்மா."

அம்மா அப்படியே மண்ணில் பொத்தென்று இருந்துவிட்டார். "பாக்க வேண்டாம் பிள்ளை. இருக்கும். மழை வரட்டும்."

அப்பா கிண்டுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். அம்மா நஞ்சுக்குப் பயப்படுகிறார் என்று நான் நினைத்தேன்.

ஐப்பசியில் மழை விழுந்தது. ஒரு காலை வேலியடியில் விரலளவு முளை நின்றது. சந்தோசம் தாங்காமல் வளவு அதிரக் கத்தினேன்.

"அம்மா, ஓடி வாங்கோ! கெதியா வாங்கோ!"

பிட்டுக்கு மாக் குழைத்த கையோடு அம்மா ஓடிவந்தார். என்னைத் தாண்டி, முளையைத் தாண்டி, நேரே வாசல் படலைக்கு ஓடினார். படலையைத் திறந்து ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

முளை இங்கே நிற்க, இந்த அம்மா ஏன் அங்கே ஓடுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கை தட்டிச் சத்தமாகச் சிரித்தேன்.