கொழும்பு பார்த்த ஆண்டெனா

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் டிவி வாங்கியவர்கள் எல்லோரும் இலங்கையைத்தான் பார்த்தோம். சென்னை எட்டாது, கடல் தாண்டிக் கொழும்பு எட்டும், அதுவும் காற்றின் மனநிலையைப் பொறுத்து. விளங்காத சிங்களத்தில் சமையல் பாடம் கேட்டுத் தலையாட்டிய தலைமுறை எங்களுடையது.

என் வீட்டில் காரணம் வேறு. மனைவியின் அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அங்கே கலவரம் என்று பேப்பரில் வந்த பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. செய்தியில் எப்போதாவது கடைத்தெருவைக் காட்டுவார்கள். கூட்டத்தில் அண்ணன் முகம் தெரியாதா என்று அவள் திரையை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். திரையில் புள்ளி புள்ளியாக ஈசல்தான் பறக்கும்.

ஆகவே நல்ல ஆண்டெனா தேட வேண்டியதாயிற்று. நான் எதையும் புத்தகத்தில் படித்துவிட்டு இறங்குகிறவன். நீச்சலையும் அப்படித்தான் கற்றேன். அதனால் இன்றும் தெரியாது. ரேடியோ கடை அண்ணாச்சி தட்டை வயரை எடுத்துப் போட்டார்.

"இது போதும்வே. ஊரே இதுலதான் பாக்கு."

"இரும்புக் குழாயை ஒட்டி வந்தா இது சிக்னலைத் தின்னுரும் அண்ணாச்சி. உருண்டை வயரு குடுங்க. பூஸ்டர் குழாய் உச்சியில இருக்கணும். கீழ டிவி பக்கத்துல வச்சா இரைச்சலையும் சேத்துல்லா பெருக்கும்."

"எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கீரு. கோபுரம் மறைக்குமே, அதுக்குப் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

அதற்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை. சாமியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லவும் முடியாது. கம்பிகள் கூடுதலாக உள்ள ஆண்டெனா, உயரமான குழாய், உருண்டை வயர் எல்லாம் வாங்கி மாட்டினேன். ஈசல் கொஞ்சம் பருத்தது, அவ்வளவுதான்.

ஆண்டெனா திருப்புவது இருவர் வேலை. மாடியில் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு "தெரியுதா?" என்று கத்த, கீழே டிவி முன் நிற்பவர் "இல்ல", "இன்னும் கொஞ்சம்", "போச்சு, போச்சு" என்று பதில் கத்துவார். சாயங்காலமானால் ஊர் மொட்டைமாடிகளில் இதே கேள்வி பதில்தான்.

ஆடிக் காற்று குழாயைத் திருகிப் போட்ட ஒரு மாலை, அவளை டிவி முன் நிற்கச் சொல்லிவிட்டு வெளிப்படி வழியே மேலே போனேன்.

"தெரியுதா?"

கீழிருந்து பதில் வந்தது.

"கெழக்க தள்ளும் மாப்ளே."

தள்ளினேன்.

"இன்னும் கொஞ்சம்... போதும்வே. விட்டுரும்."

நட்டை முறுக்கும்போதுதான், என்னை மாப்ளே என்று கூப்பிட உலகத்தில் ஒருவர்தான் உண்டு என்பது உறைத்தது.

இறங்கி வந்தேன். கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. உள்ளே டிவி இரைச்சலே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு கடைத்தெரு, துடைத்து வைத்ததுபோல் தெளிவாக. கடைகளெல்லாம் சாத்தியிருந்தன, ஒரு ஆள் இல்லை. பக்கத்து மாடிக் குரல் காற்றில் வந்திருக்கும் என்று என் படிப்பு சொன்னது. ஆனால் பக்கத்து மாடியில் என்னை மாப்ளே என்று கூப்பிட யாரும் இல்லை.

அவள் மாவு டப்பாவோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள்.

"மாவு அரைச்சாச்சுன்னு மில்லுல இருந்து கூப்பிட்டாவ. மேல பாத்துக் கத்துனேன், உங்களுக்குக் கேக்கல." பூட்டைத் திறந்தவள் திரையைப் பார்த்து நின்றாள். "கீழ நின்னு யாரு சொன்னா?"

எதையும் கதையாக்கிச் சமாளிக்கிறவன் நான். அன்று கேட்டதை அப்படியே சொன்னேன்.

"உங்க அண்ணன்."

அவள் அழவில்லை. எப்போதும் டிவி முன் தான் நிற்கும் இடத்துக்குப் போகாமல், அங்கே ஏற்கெனவே ஒருவர் நிற்பதுபோல் சுவரோரம் ஒதுங்கினாள்.

"நல்லா தெரியுதுண்ணே," என்றாள் அந்த இடத்தைப் பார்த்து. பிறகு என்னிடம், "குரல்ல களைப்பு இருந்துச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

அதன்பிறகு அவள் திரையில் எந்த முகத்தையும் தேடவில்லை. மாவு மில்லுக்குப் போகும்போது வீட்டைப் பூட்டுவதையும் நிறுத்திவிட்டாள்.