பிரேக் பேடுக்கு வைத்த பொட்டு

பதினைந்து வருடப் பழைய கார் அது. இரண்டு வருடமாக எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், சஸ்பென்ஷன் என்று ஒவ்வொன்றாக மாற்றி அதை வேகமாக ஓட வைத்துவிட்டேன். நிற்க வைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. மாடம்பாக்கத்தில் இருந்துகொண்டு இவ்வளவு வேகம் எதற்கு என்று கேட்கக்கூடாது. எங்கள் தெருவில் ஒரு வேகத்தடைக்கும் அடுத்ததற்கும் நடுவே செகண்ட் கியர் போட்டாலே பெரிய விஷயம்.

ஒருநாள் கேம்ப் ரோடு சிக்னலில், முன்னால் நின்ற தண்ணீர் லாரியை இடிக்க ஒரு சாண் இருக்கும்போதுதான் வண்டி நின்றது. பக்கத்தில் இருந்த மனைவி கதவைத் திறந்து இறங்கினாள்.

"வண்டிக்கு பிரேக் பிடிக்கல. எனக்கு வண்டி பிடிக்கல. ரெண்டும் சரியானா கூப்பிடுங்க."

சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதம் பக்கத்து சீட் காலியாகவே ஓடியது. நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாலும் உள்ளுக்குள் அவமானமாக இருந்தது. என்னை நம்பி வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தவள் அவள்.

எவ்வளவு சூடானாலும் பிடி விடாத பிரேக் பேடுகளை வரவழைத்தேன். ஞாயிறு காலை ஜாக்கி போட்டு, முன்சக்கரங்களைக் கழற்றி, தேய்ந்த பேடுகளை எடுத்துவிட்டுப் புதுப் பெட்டியைத் திறந்தேன். நான்கு பேடுகளிலும் நட்டநடுவே சந்தனம், அதன்மேல் குங்குமம். அதுவும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் டிஸ்க்கைக் கவ்வுகிற பக்கத்தில்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "இங்க போயா பொட்டு வைப்பாங்க? இந்தப் பக்கம்தான் பிடிக்கணும்."

"முகம் எதுன்னு பாத்துதான் வெச்சேன்" என்றாள் வாசலில் நின்றிருந்த மனைவி. "முதுகுலயா வைப்பாங்க? நேத்தே சாமிகிட்ட வெச்சு எடுத்தது."

வண்டி பிடிக்காதவள் அதன் பேடுக்குப் பொட்டு வைத்திருக்கிறாள். அதை யோசித்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. உப்புத்தாளை எடுத்து இரண்டை நான் தேய்த்தேன், இரண்டை அவள் தேய்த்தாள். எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும், பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் வெளிப்பக்கத்தைக் காட்டினேன். அங்கே புதிதாகப் பொட்டு வைத்தாள்.

மறுநாள் விடியற்காலையில் கேளம்பாக்கம் சாலைக்குப் போனேன். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகும்வரை வேகமெடுப்பதும் பிரேக்கை அழுத்துவதுமாகப் பத்துத் தடவை. கருகிய வாசனையோடு வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று மாலை அவள் சிட்லபாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். நான் கூப்பிடவில்லை, பயமாக இருந்தது. அவளே வந்து முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

அதே கேம்ப் ரோடு சிக்னல். முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. அழுத்தினேன். நடுவில் ஒரு பைக் தாராளமாகப் புகுந்து போகிற இடம் விட்டு வண்டி நின்றது.

"பிடிக்குது" என்றாள்.

"பிரேக்கா, வண்டியா?"

"பச்சை விழுந்துடுச்சு. எடுங்க."