அத்தை விமானம் ஏறிய நாள்

சோதனை எந்திரத்துக்குள் போன எவர்சில்வர் தூக்கு வெளியே வரவில்லை. கைப்பை வந்தது, என் கைபேசி வந்தது, அத்தையின் மூக்குக்கண்ணாடிக் கூடு வந்தது. அப்புறம் எந்திரத்தின் பட்டை நின்றுவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "இது யாரோடது?" என்றார். அத்தை என் முகத்தைப் பார்த்தார்.

அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. சிதம்பரத்தில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கவுண்டருக்கு வந்து நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார் என்று ஊரில் பெயர். வீட்டிலும் அப்படித்தான். நான் மருமகளாக வந்து எத்தனையோ வருஷமாகியும், அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நானும் என் கணவரும் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தோம். அத்தை சிதம்பரத்து வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று தனியாகவே இருந்தார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். இளையவர் என் கணவர். மூத்தவர் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கப் பெண்ணை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு ஐதராபாத்துக்குப் போய்விட்டார். மாமா, அதாவது என் மாமனார், அவன் இந்த வாசப்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாமா இறந்தபோது மூத்தவரும் அவர் மனைவியும் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர்ச்சாரியில் ஒரு குடையின் கீழ் நின்றார்கள். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. சுடுகாட்டுக்குப் போய்விட்டு அப்படியே ஊர் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் மட்டும் போன் பேச்சு. அத்தையிடம் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஒருநாள் காலையில் மூத்தவர் என் கணவரைக் கூப்பிட்டார். அவர் மனைவிக்குப் பிரசவத்துக்கு இன்னும் மாதம் நிறையவில்லை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, மறுநாளே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தாய் இல்லை. "அம்மா வந்தா நல்லாருக்கும்னு அவதான்டா சொல்றா. நான் கேக்கல," என்றாராம்.

என் கணவருக்குக் குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனியில் வேலை. மெஷின்களை நிறுத்தி மராமத்து பார்க்கும் சமயம், லீவு கிடைக்காது. ரயிலில் இடமில்லை. புதுச்சேரியிலிருந்து மத்தியானம் ஒரு விமானம் இருந்தது. நான் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, கார் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு ஓடினேன். அத்தை வரமாட்டேன் என்பார், எப்படிப் பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். என் கணவர் அத்தையிடம் போனில் ஏற்கெனவே விஷயத்தைச் சொல்லியிருந்தார். நான் போனபோது அத்தை புடவை மாற்றிக்கொண்டு, பெட்டியோடும் தூக்கோடும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "என்னா இவ்ளோ நேரம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த விமான நிலையம் ஒரு பெரிய கல்யாண மண்டபம் அளவுக்குத்தான் இருக்கும். அத்தைக்கு அதுவே ஏமாற்றம். "இவ்ளோதானா?" என்றார். வாசலில் ஆதாரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து உள்ளே விட்டார்கள். டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் அத்தையின் நடையைப் பார்த்துவிட்டு, சக்கர நாற்காலி வேண்டுமா என்று அன்பாகக் கேட்டாள். "ஏன், எனக்குக் காலு நல்லாத்தான இருக்கு," என்றார் அத்தை. பெட்டியை எடை போட்டு அனுப்பினோம். தூக்கையும் அதோடு போடச் சொன்னேன். சாய்ந்து கொட்டிவிடும் என்று கொடுக்க மறுத்துவிட்டார். விமானம் தாமதம் என்று அங்கேயே சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே மழை கறுத்துக்கொண்டு நின்றது.

அந்தத் தூக்கைத்தான் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புப் பணியில் இருந்த பெண் மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெயும் சுட்ட கத்திரிக்காயும் சேர்ந்த வாசனை எழும்பியது.

"என்னம்மா இது, கொத்சா?"

"ஆமா. பெரியவனுக்குப் புடிக்கும்."

"எங்களுக்குத் திட்டக்குடி பக்கம்மா. சிதம்பரத்துக்கு வந்தா நானும் இதத்தான் தேடிப் போவேன். ஆனா எண்ணெயா கொழகொழன்னு இருக்கு, கையில எடுத்துட்டுப் போவ விடமாட்டாங்க." அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஃப்ளைட்டுதான் லேட்டாச்சே. வெளில ஓட்டல் இருக்கு, உக்காந்து சாப்ட்டுட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

தூக்கைப் பெட்டிக்குள் வைக்கலாம் என்றால் பெட்டி எப்போதோ போய்விட்டது. தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தோம். சாப்பாட்டுக் கடையின் மேசையில் அத்தை அதை வைத்தார். நான் இட்லி வாங்கப் போனேன். தட்டோடு திரும்பியபோது அத்தை புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தார்.

"வண்டி போயிருக்காதுல்ல? கூப்புடு. ஊருக்குப் போயிடலாம்."

நான் தட்டைக் கீழே வைத்தேன். கொத்சுக்காகக் கோபித்துக்கொண்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். வேறு டப்பா, வேறு வழி என்று ஏதேதோ சொன்னேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. வெகுநேரம் கழித்து உட்கார்ந்தார். உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவர் அத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போலப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"அன்னைக்கு ஜன்னல்லேர்ந்து பாத்தேன். அவன் நனையக் கூடாதுன்னு கொடையெல்லாம் அவன் பக்கமே புடிச்சிருந்தா. அவ தோள்பட்டை பூராவும் நனைஞ்சு கெடந்தது. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல எனக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்? எல்லாரும் இருக்காங்கன்னு உக்காந்துட்டேன். இப்ப இந்தத் தூக்கத் தூக்கிக்கிட்டுப் போயி நின்னா அவ என்னை என்னான்னு நெனைப்பா?"

மூத்தவரை வாசப்படி ஏற விடாத குடும்பத்தின் மொத்தக் கடுமையும் அத்தையிடம்தான் இருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அவருக்குள் இருந்தது பயம். கவுண்டருக்குப் பின்னால் அளந்து பேசிய அந்தப் பெண்மணி, முன்பின் பேசியிராத ஒரு மருமகளின் முகத்துக்கு அஞ்சிக்கொண்டு, மேசை விளிம்பைப் பிடித்தபடி இருந்தார். ஆறுதலாக எதையாவது சொல்லலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை என்று பட்டது. மூத்தவரின் மனைவியான என் ஓரகத்தியோடு அன்று காலையில்தான் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன்; அந்த எண்ணை அழைத்து, மணி அடிக்கும்போதே கைபேசியை அத்தை கையில் கொடுத்துவிட்டேன்.

மறுமுனையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவள் நான்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "கெளம்பிட்டீங்களா? அத்த வராங்கதான? வரமாட்டாங்கன்னு இவரு சொல்லிட்டே இருக்காரு. எனக்குப் பயமாருக்கு," என்ற அவள் குரல் எனக்கும் கேட்டது.

அத்தை கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தான் பேசறேன்."



"எதாவது சாப்புட்டியா?" என்றார் அத்தை. "ஃப்ளைட்டு லேட்டு. மழ. கொத்சு செஞ்சு எடுத்தாந்தேன், விடமாட்டேங்கறாங்க. கத்திரிக்கா வாங்கி வைக்கச் சொல்லு, அங்க வந்து செய்யறேன். உனக்கு இப்ப கத்திரிக்கா ஆவாது, கரப்பான், ஒடம்பு அரிக்கும். அவனுக்கு." இட்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பயப்படாத. வந்துடறேன்."

அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். அத்தை போனை என்னிடம் தந்துவிட்டு, இட்லியைப் பிட்டுக் கொத்சில் தோய்த்தார். எனக்கும் பரிமாறினார். கடைப் பெண்ணைக் கூப்பிட்டு அவளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி, சோதனைப் பணியில் நின்றிருந்த திட்டக்குடிப் பெண்ணிடம் நீட்டினார். டியூட்டியில் வாங்கக் கூடாது என்று அவள் மறுத்துப் பார்த்தாள். கிண்ணத்தைக் கடையில் கொடுத்து, அவளுக்காக வைத்திருக்கச் சொல்லிவிட்டு வந்தார். தூக்கைக் கழுவித் துடைத்துத் திரும்பவும் பட்டையில் வைத்தபோது அது ஒரு தடையும் இல்லாமல் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

உள்ளே காத்திருக்கும் கூடத்தில் ஒரு இளம்பெண் அழுகிற கைக்குழந்தையோடு தவித்துக்கொண்டிருந்தாள். சுவரில் பாலூட்டும் அறை என்று எழுதியிருந்ததை அத்தைதான் முதலில் கவனித்தார். அவளை அங்கே அழைத்துப் போனார். வெளியே வரும்போது குழந்தை அத்தையின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. விமானத்துக்குக் கூப்பிடும்வரை அவர் அதைக் கீழே விடவில்லை.

ஐதராபாத்தில் மூத்தவர் வெளியே நின்றிருந்தார். அம்மாவும் பிள்ளையும் என்ன பேசிக்கொள்வார்களோ என்று நான் இருந்தேன். "எளைச்சுட்ட," என்றார் அத்தை. "நீயுந்தான்," என்றார் அவர். அவ்வளவுதான். மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. எடை ரொம்பக் குறைவு, சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் ஊர் திரும்பிவிட்டேன். அத்தை குழந்தைக்குத் தலை நிற்கும்வரை அங்கேயே இருந்தார். குளிப்பாட்டுவதும் மருந்து உரைத்து ஊற்றுவதும் தன்னைத் தவிர யாருக்கும் வராது என்று போனில் என்னிடம் பெருமை பேசினார். அதுவும் எனக்குப் புதிது.

போன மாதம் அவர்கள் மூவரும் முதல்முறையாக ஊருக்கு வந்தார்கள். நானும் அத்தையும் அதே விமான நிலையத்தின் வாசலில் காத்திருந்தோம். குழந்தை இப்போது நடக்கிறாள். பெட்டி தள்ளும் வண்டியின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காரில் ஏறும்போது ஓரகத்தி தயங்கினாள்.

"அத்த, நாங்க மஞ்சக்குப்பத்துல எங்கப்பா வீட்டுல எறங்கிக்கவா?"

அத்தை குழந்தைக்குக் காலணி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"சம்மந்திய நாளைக்குப் போய்ப் பாக்கலாம். இன்னைக்குச் சிதம்பரம். சமைச்சு வச்சுட்டு வந்திருக்கேன்."

கடலூரைத் தாண்டியதும் மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவில் கார் நின்றதும், மாமா இறந்த அன்றைப் போலவே எதிர்ச்சாரிப் பக்கம் இறங்கி நின்றார். அத்தை அந்தப் பக்கம் சுற்றிப் போய் அவர் கையைப் பிடித்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க, பிள்ளையின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனார். ஓரகத்தி குழந்தையோடு பின்னால் ஏறினாள். நான் பெட்டிகளை இறக்கிவிட்டுக் கடைசியாக உள்ளே போனேன்.