திரைவண்டியில் வந்த பிணை

கண்டிக் கடையொன்றில் கணக்கெழுதும் என் கணவர்மேல் பொய்யான திருட்டு வழக்கு விழுந்தது. சொந்த வீடுள்ள ஒருவர் பிணை நிற்காவிட்டால், விசாரணை வரை கணவர் சிறையில், மறியலில்தான் இருக்க வேண்டுமாம். நாங்களோ வாடகைக்கு இருப்பவர்கள். யாரிடமாவது கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று, கைக்குழந்தையோடு அழுதுகொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு வந்த அடுத்த வீட்டு ஆமினா உம்மாவிடம் சொன்னேன்.

"அழுதா கோட்டுல பிணை குடுப்பாங்களா மகள்? புள்ளயத் தூக்கு!"

தெருவில் கால் வைக்காத அவர், திரை கட்டிய வண்டியில் என்னோடு நீதிமன்றம் வந்தார்.

"உங்கட மனுசன் வரேல்லையோ?" என்று உம்மாவிடம் கேட்டார் எழுத்தர்.

"வூடு என்ட பேருல ஈக்கிது. அவருக்கு இங்க என்ன வேல?" என்றார் முக்காட்டுக்குள்ளிருந்து.

அவர் பிணை நிற்க, அன்றே என் கணவர் வீடு திரும்பினார். பின்னர் வழக்கும் தள்ளுபடியானது.

இப்போது யாரையாவது பிடித்துப் போனார்கள் என்று கேள்விப்பட்டால், அவர் மனைவி வந்து கேட்கட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. நானே போய்க் கதவைத் தட்டி, பிணைக்கு ஆள் தேட உடன் நடக்கிறேன்.