“உமது இல.” வரியை வெறுமையாக விடாத மனோகரி மிஸ்

மனோகரி மிஸ் இறந்துவிட்டார். காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கோல் வந்தது.

சீனன்குடாவில் நான் முன்பு வேலை செய்த கம்பனியின் டைப்பிஸ்ட். கம்பனியின் பெயர் வேண்டாம். வாசலில் “பாதுகாப்பே எமது முதற் கடமை” என்று பெரிய போர்ட் வைத்திருந்தார்கள், அது போதும்.

அந்தப் போர்ட்டுக்குப் பின்னால், சரக்குத் தூக்கும் சங்கிலியில் அறுந்த கண்ணியைக் கம்பியால் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். கீழே ஆட்கள் நின்று வேலை செய்தார்கள்.

நான் யார்ட் சுப்பர்வைசர். மனேஜரிடம் மூன்று தரம் வாயால் சொன்னேன். பிறகு யார்ட் ஃபைல் இலக்கம் போட்டு, தொழில் திணைக்களத்துக்கு எழுதினேன். ஒரு கொப்பி மனேஜருக்கும் கொடுத்தேன்... மரியாதைக்கு.

ஐந்தாம் நாள் இடமாற்றம். ஈச்சிலம்பற்று. அங்கே கம்பனிக்கு ஒரு தகரக் கொட்டிலும் ஒரு பூட்டும் இருந்தன. நான் பூட்டுக்குச் சுப்பர்வைசர்.

முறைப்பாடு செய்தவனைப் பழிவாங்கக் கூடாதாம். ஆனால் பழிவாங்குகிறோம் என்று எந்த மனேஜர் கடிதம் எழுதுவார்? “சேவை அவசியம் கருதி” என்றுதான் எழுதுவார். எழுதினார்.

டைப் செய்தது மனோகரி மிஸ்.

எங்கள் கந்தோர்க் கடிதங்களின் தலையில் இரண்டு வரி இருக்கும். எனது இல., உமது இல. எந்தக் கடிதத்தின் பேரில் இந்தக் கடிதம் போகிறதோ, அதன் இலக்கமும் திகதியும் இரண்டாவது வரியில் வரவேண்டும். முப்பது வருட சர்வீஸில் மிஸ் அந்த வரியை வெறுமையாக விட்டதில்லை.

என் இடமாற்றக் கடிதத்திலும் விடவில்லை. என் முறைப்பாட்டின் இலக்கமும் திகதியும் அச்சுச் சுத்தமாக இருந்தன. மனேஜர் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறவர்.

திணைக்களம் வைத்த விசாரணையில் அதிகாரி மனேஜரிடம் கேட்டார், “இந்த இடமாற்றத்துக்கும் முறைப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லையோ?”

“இல்லை சேர். வெறும் சேவை அவசியம்தான்.”

“அப்ப உமது இல. எண்ட இடத்தில அந்த முறைப்பாடு என்ன செய்யுது?”

மனேஜர் ஃபேனைப் பார்த்தார்.

இரண்டு கிழமையில் நான் திரும்பவும் யார்டில். புதுச் சங்கிலியும் வந்தது.

அன்று மிஸ்ஸை மனேஜர் கூப்பிட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கதவு மூடித்தான் இருந்தது.

“ஏன் மிஸ் அந்த இலக்கத்தைப் போட்டனீங்கள்?”

“நீங்கள்தானே சேர் அந்தக் கொப்பியைத் தந்து, இவருக்கு இதுக்கு ஒரு பதில் குடுப்பம் எண்டனீங்கள்.”

“வெறுமையா விட்டிருக்கலாமே!”

“விட்டால் எதுக்குப் பதில் எண்டு விளங்காமப் போயிடும், சேர்.”

பிறகு பழிவாங்கப்படுவது மிஸ்ஸின் முறை. உட்துறைமுக வீதியில் அவர் இருந்த வாடகை வீடு மனேஜரின் மச்சானுடையது. அடுத்த மாதம் தண்ணீர்க் குழாய் வெட்டப்பட்டது. திருத்த வேலையாம், வீட்டை விட்டு எழும்பட்டாம்.

“எழுத்தில தாங்கோ” என்றிருக்கிறார் மிஸ்.

மச்சான் எழுதிக் கொடுத்தார். மிஸ் அதிலிருந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு கொப்பியோடு வாடகைச் சபைக்குப் போனார். வாடகைக்கு இருப்பவருக்கும் சட்டம் உண்டு என்பது மச்சானுக்கு அந்தக் கிழமைதான் தெரிந்தது. குழாய் திரும்பி வந்தது. மிஸ் எழும்பவில்லை.

அதுவரை பதினெட்டு நாள், பக்கத்து வீட்டுக் கிணற்றில் அள்ளிக் குளித்துவிட்டு, எட்டரைக்கு முன் கந்தோரில் இருப்பார். சேலையில் ஒரு மடிப்புக் கலைந்திராது.

ஒருநாள் கேட்டேன். “தெரிஞ்சுதானே அந்த இலக்கத்தைப் போட்டனீங்கள், மிஸ்?”

பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார். “சீனி போதுமோ பாரும், தம்பி” என்றார்.

இன்று ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்கார மச்சானும் எனக்குக் கோல் எடுத்தார். “பிரேதத்தை மண்டபத்தில வைச்சால் எல்லாருக்கும் வசதிதானே தம்பி... வீட்டில ஏன்?”

“பந்தல் போட்டாச்சு அண்ணை. நீங்களும் வந்து ஒரு கதிரையில இருங்கோ” என்றேன்.

நாளை பிற்பகல் மூன்று மணிக்கு எடுக்கிறோம். உட்துறைமுக வீதி வீட்டிலிருந்துதான். மூன்று மணிவரை அது அவருடைய வீடு.

போய் வாருங்கள், மிஸ்.