மோட்டார் அக்காவும் ஆகாயத்தாமரையும்

ஏரிக்கரையில், படகுத்துறையை ஒட்டி, தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று உண்டு. அதை நடத்துகிறவளை எல்லோரும் மோட்டார் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் தையல்காரர். கல்யாணமான புதிதில் அவருடைய மிஷின் மக்கர் பண்ணியது. ரிப்பேர்காரர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தார். பொறுத்துப் பார்த்தவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தானே பிரித்துப் போட்டாள். சாயங்காலத்துக்குள் திரும்ப மாட்டி ஓட்டியும் காட்டினாள். கையில் ஒரு போல்ட் மட்டும் மிஞ்சியது.

"இது எதுக்குன்னே தெரியலங்க. ஆனா ஓடுதுல்ல?"

அன்றிலிருந்து ஓடாமல் நிற்கும் எதைக் கண்டாலும் அவளுக்குக் கை அரிக்கும். தண்ணீர் பம்பு, மாவு மிஷின் என்று போய், கடைசியில் படகு மோட்டாரில் வந்து நிலைத்தாள்.

ஏரிக்குள் ஆகாயத்தாமரை எப்படி வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அழகுக்காகத் தொட்டியில் வளர்த்ததை யாரோ வாய்க்காலில் கொட்டியிருக்க வேண்டும். முதலில் ஒரு மூலையில் நாலைந்து கொத்து. அதன் ஊதாப்பூவைப் பார்த்து ஊரே சொக்கிப்போனது. மழைக்காலம் ஒன்று வந்து போவதற்குள் பாதி ஏரியில் பாய் விரித்துவிட்டது.

பட்டறையில் கூட்டம் நெரிந்தது. செடியின் வேர்கள் படகு மோட்டாரின் விசிறியைச் சுற்றி இறுகிக்கொள்ளும். தண்ணீர் இழுக்கும் துளை அடைபட்டு இன்ஜின் சூடேறிப் புகையும். அவள் கத்தியும் குறடுமாக உட்கார்ந்து, சிக்குப் பிடித்த தலையை வாருவது போல வேர்களைப் பிய்த்தெடுப்பாள். சாப்பிடக்கூட நேரமில்லை. அதில் அவளுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

அவளுடைய தம்பி அதே ஏரியில் வலை போட்டுப் பிழைப்பவன். ஒருநாள் அவனும் மோட்டாரைத் தோளில் சுமந்து வந்தான்.

"உனக்கென்னக்கா, உன் காட்டுல மழை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் வலைக்கூடையில் விரல் நீளத்துக்கு நாலு மீன்தான் கிடந்தன. அந்தச் சிரிப்பு அவளுக்கு நெருஞ்சி மாதிரி தைத்தது.

அதன்பிறகுதான் அவள் ஏரியை ஏறெடுத்துப் பார்த்தாள். துறையோரம் வழக்கமாகப் பூக்கும் அல்லியைக் காணோம். பச்சைப் பாயின் கீழே வெயில் படாமல், எல்லாம் அழுகிக் கிடந்தது. முக்குளித்து மீன் பிடிக்கும் பறவைகள் முக்குளிக்க இடமில்லாமல் எங்கோ போய்விட்டன. கொசு மட்டும் கொழுத்தது. படகுகளும் ஒவ்வொன்றாகக் கரையேறிக் கவிழ்ந்து படுத்தன. ஓடாத படகுக்கு மோட்டார் எதற்கு? பட்டறையும் காற்று வாங்க ஆரம்பித்தது.

அப்படிப்பட்ட ஒரு மதிய வேளையில் காற்று திசை மாறியது. மொத்தப் பாயும் நகர்ந்து வந்து, வலை போடப் போயிருந்த தம்பியின் படகை நாலு பக்கமும் வளைத்துக்கொண்டது. மோட்டார் இரும்பாக இறுகிவிட்டது. குதித்தால் வேர் காலைச் சுற்றிவிடும். கரையிலிருந்தே அவள் கத்தினாள்.

"டேய், இறங்காதடா! உக்காரு அப்படியே!"

ஒரு படகுக்காரர் சின்னத் தோணியில் மூங்கிலை ஊன்றி ஊன்றிப் பாதி தூரம் போய்க் கயிற்றை வீசினார். மறுமுனையை அவள் இன்ஜின் தூக்கும் சங்கிலிக் கப்பியில் கட்டினாள். கப்பியைக் கரையோர மரத்தில் மாட்டி, ஆளுக்கொரு கையாக இழுத்தார்கள். படகு வந்தது. கூடவே ஒரு அறை அகலத்துக்குச் செடிப்பாயும் சுருண்டு வந்தது. அது வந்த வழியில் கறுப்பாகத் தண்ணீர் திறந்து கிடந்தது.

தம்பி இறங்கியதும் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அழுதாள். பிறகு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளே அதே கப்பியால் செடியை இழுக்கத் தொடங்கினார்கள். முதல் முயற்சி சொதப்பல். இழுத்ததைக் கரையோரமே குவித்தார்கள். அடுத்த மழையில் ஏரி அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொண்டது. "நல்லா இழுத்தீங்க," என்று வேடிக்கை பார்த்தவர்கள் கிண்டல் செய்தார்கள். அடுத்த முறை இழுத்ததை மேட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் காயவைத்தார்கள். வேளாண் துறையிலிருந்து ஒரு அம்மா வந்து, இந்த இலையை மட்டுமே தின்னும் வண்டுகளை விட்டார். கூடவே உண்மையையும் சொன்னார்.

"விதை சேத்துல பல வருஷம் தூங்கும்மா. ஒரேயடியா ஒழிஞ்சுடும்னு நினைக்காதீங்க."

"அது தூங்கி எந்திரிச்சா நானும் எந்திரிக்கிறேன் மேடம். எனக்கென்ன வேற வேலை?"

ஆனால் வேலை இல்லாததுதான் வீட்டில் கவலை. கணவர் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டார்.

"செடி போனா உன் தொழிலும் படுத்துடுமே, யோசிச்சியா?"

"செடி இருந்தாலும் படுத்துச்சுங்க. அது போனா தம்பியாவது மீன் பிடிப்பான்."

துறையைச் சுற்றி இப்போது தண்ணீர் தெரிகிறது. பச்சை இன்னும் தூரத்தில் காத்திருக்கிறது. வாரம் ஒருநாள் எல்லோரும் கயிற்றைப் பிடிக்கிறார்கள். புதிதாகச் செடி உள்ளே வராமல் வாய்க்கால் மதகில் அவள் பழைய வலையைக் கட்டிவைத்திருக்கிறாள். போன மாதம் தம்பியின் மோட்டார் மறுபடி நின்றது. பிரித்துப் பார்த்தால் ஒரு வேர்கூட இல்லை.

"ஆயில் மாத்தி எத்தனை நாளாச்சுடா, தடியா?" என்று அவள் போட்ட சத்தம் படகுத்துறை முழுக்கக் கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவள் யாரையும் திட்டியதில்லை என்று கணவர் சொல்கிறார்.