தாய்மாமனுக்கு வந்த திமிர்

“...தாய்மாமன்னு மண்டபத்து வாசல்ல நிக்க வச்சா, வர்றவங்களுக்கு ஒரு கும்பிடு போடல டாக்டர். கையைப் பின்னால கட்டிக்கிட்டு கங்காணி மாதிரி நின்னான். சம்பந்தி வீட்டுக்காரங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

டாக்டரம்மா கேட்டது “எப்படி இருக்கீங்க?” என்றுதான். கேட்டதும் குணாளனிடம். பதில் சொன்னது அவன் அக்கா தேவகி.

இடம் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நான் அங்கே என்ன செய்தேன் என்கிறீர்களா? காடி ஓட்டினேன். குணாளன் காஜா பேராங்கில் எனக்குப் பக்கத்து வீடு. குருபோங் தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஸ்டீரிங் பிடித்தால் கை இழுக்கிறது என்றான். மெர்டேக்கா மாதம், முன்னால் போன காடிகளில் எல்லாம் சுதந்திர தினக் கொடி படபடத்தது. அக்காவும் தம்பியும் பின்சீட்டில்... ஆளுக்கொரு ஜன்னல்.

ஒன்றரை வருடம் முன்பு இவனுக்கு ரத்தப் புற்றுநோய். தெங்கேராவிலிருந்து ஓடி வந்து தன் ஸ்டெம் செல்லைக் கொடுத்தவள் இதே அக்காதான். ‘தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்’ என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆபத்தான முதல் நூறு நாளை நல்லபடியாகத் தாண்டியதும் கோயிலில் அர்ச்சனை, தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல். கண்டம் கழிந்தது என்றே நினைத்தோம்.

அப்புறம்தான், போன மாதம், அக்கா மகள் கல்யாணம்.

அக்கா இன்னும் நிறுத்தவில்லை. பெண்ணை அனுப்பிவைக்கும்போது மண்டபமே அழுததாம், இவன் கண்ணில் ஒரு சொட்டு இல்லையாம். விருந்தில் ஒரு வாய் வைத்துவிட்டு இலையை மூடிவிட்டானாம். காரமாம்... சம்பால் இல்லாமல் சோறு இறங்காத பயலுக்குக் காரமாம்!

உயிர் பிழைத்ததும் ஆளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்று, உள்ளதைச் சொன்னால், நானும்தான் நினைத்தேன்.

குணாளன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் டாக்டரம்மா? பேனாவை எடுத்து ஒவ்வொரு குற்றத்தையும் எழுதிக்கொண்டே வந்தார். எழுதி முடித்து, “எனக்கு ஒரு கும்பிடு போடுங்க” என்றார்.

போட்டான். விரல் நுனிகள் தொட்டன, உள்ளங்கைகள் தொடவில்லை. நடுவில் ஒரு சின்ன எலுமிச்சம்பழம் வைக்கலாம். தலைக்கு மேலே தூக்கச் சொன்னார் — காதைத் தாண்டவில்லை. முன்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். மேளத்தோல் மாதிரி இறுக்கம். கன்னத்தின் உட்புறம் வெள்ளை வெள்ளையாக வலைப்பின்னல். கீழிமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் வைத்தார். பெயருக்கு நனைந்தது.

ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். நூறு நாள்தான் தாண்டிவிட்டதே, இது ஏதோ வாதம், கல்யாண வீட்டில் எதற்கு என்று இருந்துவிட்டானாம்.

இதற்கு நாள் கணக்கு இல்லை, உடம்பு என்ன காட்டுகிறது என்பதுதான் கணக்கு என்றார் டாக்டரம்மா. இறுகிய தோலும் வாயிலுள்ள வலையும் போதும், மாற்று அணுக்களால் வந்த நாள்பட்ட கோளாறு என்று சொல்லிவிடலாமாம். வெறும் காய்ந்த கண் என்றால் மட்டும் வேறு சாட்சி வேண்டும். பிறகு உறுப்புக்கு உறுப்பு மார்க், சைபரிலிருந்து மூன்று வரை. தோலுக்கு இரண்டு, மூட்டுக்கு இரண்டு, வாய்க்கும் கண்ணுக்கும் ஒவ்வொன்று. மூச்சை ஊதிக் காட்டிவிட்டு வந்ததும் நுரையீரலுக்குச் சைபர். அக்கா பதறிப் போனாள். இந்தப் பரீட்சையில் சைபர்தான் முதல் பரிசு என்று விளக்க வேண்டியிருந்தது. மொத்தத்தில் ‘நடுத்தரம்’ என்று எழுதினார்.

“ஸ்கூல்லயும் நான் நடுத்தரம்தான் டாக்டர்” என்றான் குணாளன்.

நம் ஆட்களைப் பாருங்கள்... எந்த நோய்க்கும் நாம் முதலில் வைக்கிற பெயர் திமிர். அதற்கு டெஸ்ட் கிடையாது, காத்திருப்பு கிடையாது, அப்பீலும் கிடையாது!

இது எதனால் வருகிறது என்று அக்கா கேட்டாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“நீங்க குடுத்த அணுக்கள்தான்மா. அதுங்களுக்கு இவர் யாருன்னு அடையாளம் தெரியல. அந்நிய உடம்புன்னு நினைச்சு அடிக்குது.”

‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்’ — நுனி நாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கினேன். என் ஆயுளில் நான் விழுங்கிய ஒரே பழமொழி.

கொடுத்ததைத் திரும்ப எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள் அக்கா. கூடாது, பழைய நோய் தலைதூக்காமல் காவல் நிற்பதும் அதே அணுக்கள்தான் என்றார் டாக்டரம்மா. அடியை அடக்க மருந்து உண்டு, தினமும் நீட்டி மடக்கப் பயிற்சி உண்டு. பழைய கை திரும்புமா? இப்போது சொல்ல முடியாது, மேற்கொண்டு இறுகாமல் பிடித்து நிறுத்துவதுதான் முதல் வேலை.

மருந்துக் கவுண்டரில் நம்பருக்காக உட்கார்ந்தோம். அக்கா அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

“சின்ன வயசுல வெளிய இருந்து அடிச்ச. இப்ப உள்ள இருந்து அடிக்கிற” என்றான் குணாளன்.

அவள் சிரிக்கவில்லை. அவன் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டாள். அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்றெல்லாம் இல்லை... குனிந்து, அந்த இறுகிய தோலிடம், வீட்டில் இளைய மகளை அதட்டுகிற அதே குரலில் சொன்னாள்:

“போதும்டி. இவன் நம்ம தம்பி.”